பருந்து சிறகு விரித்தபோது

என் தாய்மாமா செய்த காரியங்களில் ஊருக்குக் கடைசிவரை விளங்காதது, அவர் பருந்தைப் படம் பிடிக்கப் போனதுதான். மனிதரைப் படம் பிடித்தால் சட்டம் போட்டு மாட்டுவார்கள். பருந்து வந்து படத்தைக் கேட்கவா போகிறது?

மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் படித்துவிட்டு, காமிராப் பெட்டியோடு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாமா. செம்பருந்து இரையோடு சிறகு விரித்து நிற்கும் படம் ஒன்று கொண்டுவந்தால் வேலை தருவதாகச் சென்னைப் பத்திரிகைக்காரர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

"சித்திர பொறக்குத வரைக்கும் பாரும் மாப்பிள. இல்லன்னா ஜின்னிங் பாக்டரில பஞ்சு நிறுக்கப் போயிரும். சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.

அப்போதே பங்குனி பாதி போயிருந்தது. யுத்தம் முடிந்த சமயம், காமிராவுக்குப் பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாமாவிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று; அதில் ஒரே ஒரு படம்தான் பிடிக்க முடியும்.

புளியங்குடி போகிற வழியில் ஒரு குளம். கரையடியில் நின்ற மருதமரத்தில் செம்பருந்தின் கூடு இருந்தது. கரைமேல் பரண் கட்டி, ஓலையால் மறைத்து உட்கார்ந்தால் கூடு கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் மறைப்புக்குள் ஆள் போவதைப் பார்த்துவிட்டால் பருந்து வராது. அதற்கு மாமா ஓர் உபாயம் வைத்திருந்தார். அம்மா, நான், மாமா மூவரும் உள்ளே போனோம். அம்மா மட்டும் வெளியே வந்து நடக்க வேண்டும்.

"அதுக்கு எண்ணத் தெரியாதுக்கா. ஆளு போயிட்டுன்னு நெனச்சுக்கிடும்" என்றார்.

போன அம்மா பாதி வழியில் நின்றாள். தலைக்குமேல் வட்டமிட்ட பருந்தை அண்ணாந்து பார்த்து, 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் செம்பருந்துதான் கருடன்; கண்டால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"நண்டு திங்குத பருந்துக்குப் போயி கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கா பாரு ஒங்கம்மா" என்று மாமா என் காதில் பல்லைக் கடித்தார்.

உபாயம் பலித்தது. வெயில் ஏறியதும் பருந்து ஒரு தண்ணீர்ப்பாம்போடு வந்து கூட்டில் இறங்கியது. ஓலை இடுக்கில் கண்ணை வைத்த நான் இமைக்க மறந்துபோனேன். பாம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, அலகால் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தது. அத்தனை பெரிய அலகால் குஞ்சின் வாயில் அவ்வளவு பதமாக வைத்தது. இரண்டு துண்டு கொடுத்ததும் கொஞ்சம் பொறுத்து, குஞ்சு விழுங்கிவிட்டதா என்று பார்த்தது.

"மாமா, அமுக்குங்க" என்றேன்.

"பொறுட்டி. செறகு விரிக்கட்டும்."

விரித்தது. வெள்ளை மார்பு, செம்மண் நிறச் சிறகு, காலில் தொங்கும் பாம்பு. கோயில் வாகனத்துக் கருடன் உயிரோடு எழுந்து நின்ற மாதிரி இருந்தது. காமிராவின் ரப்பர் குமிழைப் பிடித்திருந்த மாமாவின் கை அதை விட்டது. இரண்டு கையும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டன. "பெருமாளே" என்றார்.

குமிழைத் தேடிப் பிடித்து அவர் அழுத்தியபோது பருந்து போய்விட்டிருந்தது. பிளேட்டில் விழுந்தது வெறும் கிளையும் வானமும்தான்.

வீட்டில் அப்பா கேட்டபோது, "மேகம் மறச்சுட்டு அத்தான்" என்றார் மாமா. எனக்கு நாக்கு அரித்தது.

"இல்லப்பா, மாமா கன்னத்துல போட்டாவ" என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டினேன். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்வார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சித்திரை பிறந்தது. மாமா ஜின்னிங் பாக்டரிக்குப் போக ஆரம்பித்தார். தலையெல்லாம் பஞ்சுப் பிசிறோடு அவர் சாயங்காலம் வரும்போது விருந்தாளிகள் இருந்தால், நானே அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்துவேன். அவரும் மறுக்காமல் செய்து காட்டுவார். எல்லாரையும்விட உரக்கச் சிரிக்கிறவரும் அவர்தான். அந்த வேடிக்கை அவருக்கும் என்னைப் போலவே பிடித்திருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.