பூனைக்குச் சிவப்பு மூடி ஊசி

எங்கள் வீட்டில் இரண்டு சர்க்கரை நோயாளிகள். ஒருவர் என் வீட்டுக்காரர், மாத்திரை போடுகிறவர். இன்னொருவன் எங்கள் பூனை, ஊசி போட்டுக்கொள்கிறவன். இரண்டு பேரில் சொன்ன பேச்சு கேட்பவன் பூனைதான். ஊசியோடு உட்கார்ந்தால் பிடரியைக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் தட்டை நக்குவான். மாத்திரையை நீட்டினால் அவர், "வச்சிட்டுப் போ, போடுறேன்" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

விளாங்குடியில் எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. "மனுசனுக்கே வைத்தியம் பாக்க முடியல, பூனைக்குச் சுகர் ஊசியா?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு போகிற ஆளா? "உங்க வீட்டுக் காசுலயாண்ணே போடுறேன்?" என்றேன். அதோடு சரி, அவர் என் பூனையைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கால்நடை டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்த இன்சுலின் நன்றாகத்தான் கேட்டது. விலைதான் யானை விலை. பூனைக்கு வேண்டியதோ துளித்துளி. திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் குப்பையில் போட வேண்டும். போடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் பிளவுஸ் தைக்கிறவள், வீட்டுக்காரர் வாடகை வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் அவர் மெதுவாக, "இப்படியே இழுக்க முடியாது புள்ள" என்றார். கல் நெஞ்சுக்காரர் இல்லை. பூனை தூங்குவதே அவர் கால்மாட்டில்தான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

"பாட்டில்ல வர்ற பழைய இன்சுலின் ஒண்ணு இருக்குக்கா. விலை ரொம்பக் கம்மி. ஆனா எல்லாப் பூனைக்கும் ஒத்துக்காது" என்றார். "ஊசியையும் மாத்தணும். வீட்ல இருக்கிற ஆரஞ்சு மூடி ஊசியெல்லாம் தூக்கிப் போட்டுருங்க. இந்த மருந்துக்குச் சிவப்பு மூடி ஊசிதான். மாத்திப் போட்டீங்கன்னா அளவு தப்பாயிரும்."

"இதுவும் கேக்கலைன்னா?"

"பாப்போம்க்கா" என்றார்.

வீட்டுக்காரர் வேனை ஓட்ட, நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். இது கேட்காவிட்டால் பழைய மருந்துக்குத் திரும்ப எங்களுக்கு வக்கில்லை. மருந்தே இல்லையென்றால் அவன் பிழைக்க மாட்டான். மடியில் கூடைக்குள் உட்கார்ந்து அவன் பாட்டுக்கு என் வளையலை நோண்டிக்கொண்டிருந்தான்.

புது மருந்தைத் தொடங்கியது நோன்பு மாதத்தில். பக்கத்து வீட்டு அக்காவுடையது டவுனுக்குள்ளிருந்து இங்கே வீடு கட்டி வந்த முஸ்லிம் குடும்பம். நோன்பு மாதம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் மதில் மேல் எங்களுக்கு ஒரு தூக்குவாளி கஞ்சி வந்துவிடும். கறியைக் கொத்திப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, அடடா! நோன்பு அவர்களுக்கு, கஞ்சி எனக்கு என்று நானே சொல்லிக்கொள்வேன்.

பூனையின் காது நுனியில் குத்தி, வீட்டுக்காரரின் மிஷினிலேயே சர்க்கரை பார்ப்பேன். ஸ்ட்ரிப் விற்கிற விலையில் காலையும் மாலையும் பார்க்கவா முடியும்? சாயங்கால ஊசிக்கு முன்னால் மட்டும் பார்த்தேன். தினமும் எகிறித்தான் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டால், "வெளிய எதுவும் சாப்பிடுறானாக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க மதிலத் தாண்ட மாட்டான் டாக்டர்! நான் வளத்த புள்ள!"

அவர் மருந்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். பிறகும் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினோம்.

நோன்புப் பெருநாளன்று மத்தியானம் மதில் வழியாகப் பிரியாணி வந்தது. வீட்டுக்காரர் சவாரி போயிருந்தார். சாயங்காலம் பூனைக்குக் காதில் குத்திப் பார்த்தால் எண் இறங்கியிருக்கிறது! முதல் தடவையாக! மருந்து கேட்டுவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சியில், கூட்டிய அளவை அப்படியே போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

இரண்டு பிளவுஸுக்குக் கொக்கி கட்டி நிமிர்ந்தால், குடித்தவன் மாதிரித் தள்ளாடி வருகிறான். கூப்பிடக் கூப்பிடச் சுவரில் முட்டிக்கொண்டு விழுந்தான். மிஷினில் எண்ணே வரவில்லை, ரொம்பக் குறைவு என்று மட்டும் காட்டியது. போனில் டாக்டர், "சர்க்கரையைக் கரைச்சு ஈறுல தடவுங்க, உடனே!" என்று கத்தினார்.

என் வீட்டில் ஏது சர்க்கரை? வீட்டுக்காரர் தின்றுவிடுவாரோ என்று பயந்து நான்தான் ஒரு பொட்டுகூட வாங்கி வைப்பதில்லையே. "அக்கா! சீனி! சீனி!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். அக்கா பெருநாள் புடவையோடு சீனி டப்பாவை அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அவனை மடியில் போட்டுக்கொள்ள, அவர் சீனியைக் கரைத்து விரலால் ஈறில் தடவினார்.

"யா அல்லா, நேத்து வரைக்கும் கஞ்சியக் குடிச்சிட்டு நல்லாத்தானே இருந்தான்!"

"என்ன கஞ்சி?"

"நோம்புக் கஞ்சிதான். ஊசி போடுற புள்ளையாச்சேன்னு தினமும் சாயங்காலம் மதில் மேல ஒரு கிண்ணம் வைப்பேன். இன்னைக்குக் கஞ்சி காய்ச்சலையே" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீக்காளிக்குக் கஞ்சிதானே குடுப்பாக?" என்று அழ ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் மாதம் முழுக்க அதே கஞ்சியைக் குடித்து ஏப்பம் விட்டவள் நான். அவன் மீசையில் ஒரு பருக்கையைக்கூடப் பார்க்காதவளுக்கு என்ன வாய்? இரண்டு பேரும் மாறி மாறித் தடவினோம். கொஞ்ச நேரத்தில் அவன் நாக்கை நீட்டி அக்காவின் விரலை நக்கினான். பிறகு கண்ணைத் திறந்து, எழுந்து, சோறு கேட்டுக் கத்தினான் பாருங்கள், அப்படி ஒரு கத்தல். நாங்கள் அழுகையோடு சிரித்துவிட்டோம்.

தட்டில் வைத்ததைத் தின்னவிட்டு, டாக்டரிடம் கஞ்சிக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தால், "அப்ப மருந்து வேலை செஞ்சிட்டுத்தான் இருந்திருக்கு. கஞ்சிதான் சர்க்கரையை ஏத்தியிருக்கு" என்றார். "இந்த மருந்து அவனுக்கு ஒத்துக்கிருச்சுக்கா. இப்பவே தூக்கிட்டு வாங்க, அளவைக் குறைச்சிரலாம்."

கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்தார்.

"அடுத்த நோம்புக்கு இவன் இருப்பான்லம்மா?"

"இருப்பான்க்கா. கஞ்சி மட்டும் எனக்குத்தான்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவனைப் பற்றி 'இருப்பான்' என்று நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ நாளாகியிருந்தது.