சிவப்புக் காரின் இடது மட்கார்டு

பழைய கார் பார்த்துச் சொல்லும் தொழிலுக்கு முதலில் வேண்டியது வளைகிற முதுகு. எந்தத் துரைக்கும் வளைக்காத என் முதுகை நான் காருக்கு மட்டும் வளைத்தேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவன் நான். யுத்தம் முடிந்த கையோடு வேலைநிறுத்தம் செய்தோம். தோற்றோம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. எழுதியவர்களில் சிலர் பிற்பாடு மேடையேறி மாலை வாங்கிக்கொண்டார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும், விட்டுவிடுகிறேன். என் படிப்பு முழுக்கத் துண்டுப் பிரசுரம். அதனால் எதையும் ஒரு தாளுக்குள் சொல்லி முடித்துத்தான் பழக்கம்.

வேறு ஒர்க்‌ஷாப் எதுவும் என்னைச் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர்கள் ஆசையாக ஓட்டிய கார்கள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் வேலையில் இறங்கினேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. ‘அவன் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று நாலு பேர் சொன்னதுதான் என் கைமுதல். பழைய காரை வாங்கிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே செருப்பைத் தேய்த்த அன்பர்களே, அந்தக் கைமுதலை நானே தொலைக்கப் பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நாக்கு

எங்கள் ஊர்க் காரில் எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், முதலில் அடிப்பாகம். உப்பளக் காற்று ஒரு பக்கம் தின்னும். ஈர மணலில் கார் ஓட்டி விளையாடும் துரைமார் பழக்கம் மறுபக்கம் தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கும், கீழே சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் அப்பளமாக இருக்கும். விற்கிறவன் கழுவித் துடைத்து அடியிலும் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பான். ஆனால் இரும்புச் சட்டங்கள் சேருகிற மூலைகளில் பழைய மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அங்கே எவன் கையும் போகாது. அந்த மண்ணை நகத்தால் சுரண்டி நாக்கில் வைப்பேன். கரித்தால் அந்தக் கார் கடலில் குளித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏரலில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு பச்சைக் காரைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். தரகர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும் போலிருந்தது. நான் கோணிச்சாக்கை விரித்து அடியில் மல்லாந்து படுத்தேன். மூலை மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது. சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். துருப் பிடித்த இரும்பு உதிர்ந்து என் மூக்கிலேயே விழுந்தது. எழுந்து வந்து “வேண்டாம்” என்றேன். அண்ணாச்சி ஏன் என்றுகூடக் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். தரகர் தெருவே கேட்கக் கத்தினார்: “ஓட்டிப் பாக்கச் சொன்னா நக்கிப் பாக்கான்! ஏலே, நீ கார் வாங்க வந்தியா, கருவாடு வாங்க வந்தியா?”

எட்டுப் பேருக்கு ரெண்டு சீட்டு

இரண்டு மாதம் கழித்து அண்ணாச்சி மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் பார்க்கச் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்த கார். என் பழைய கம்பெனி மானேஜர் துரையின் சிவப்புக் கார். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியது. தரையோடு தரையாகப் பதுங்கின உடம்பு, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை, மொத்தமே இரண்டு சீட்டு. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், சக்கரத்தைக் கழற்றிக் கம்பெனிக் குடோனில் பனங்கட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். இப்போது துரை ஊருக்குக் கப்பல் ஏறுகிறார். அண்ணாச்சி வாங்கவில்லை என்றால் ஒரு மெட்ராஸ் தரகர் காரைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

“உங்க வீட்டுல எட்டுப் பேரு அண்ணாச்சி. இது ரெண்டு சீட்டு. ஒண்ணுல டிரைவர்” என்றேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. துரையின் டிரைவரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு மழைக் காலத்தில் அவருடைய மாட்டு வண்டிகள் கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பங்களோடு ஊருக்குள் வந்திருக்கின்றன. பின்னால் இந்தச் சிவப்புக் கார் வந்து விடாமல் ஹாரன் அடித்திருக்கிறது. வண்டிகள் ஒதுங்கி வாய்க்காலில் சாய்ந்து, சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி தண்ணீரில் கரைந்து போயிற்று. கார் திரும்பிப் பார்க்கவில்லை. “மத்தவங்கெல்லாம் பஸ்ஸுல வரட்டும்வே. அந்த ஹாரனை ஒரே ஒரு தடவ நான் அமுக்கணும்.”

சூசை

டிரைவர் பெயர் சூசை. கடற்கரைத் தெருக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி வாசலை மறித்து நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் இதே சிவப்புக் காரில் துரையை ஏற்றிக்கொண்டு எங்கள் நடுவே அங்குலம் அங்குலமாக ஓட்டி உள்ளே போனான். அன்றைக்கு என் கையில் கொடி இருந்தது. கார் என்னை உரசிப் போனபோது கொடிக்கம்பின் நுனியில் மாட்டியிருந்த இரும்புப் பூணால் இடது மட்கார்டில் ஓங்கிக் குத்தினேன். கூட்டத்தில் யார் குத்தியது என்று துரைக்குத் தெரியவில்லை. சூசைக்குத் தெரியும், கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்தான். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை. துரோகி என்று அவன் பெயரைப் போட்டு ஒரு பிரசுரம்கூட எழுதினேன்.

அண்ணாச்சியோடு காரைப் பார்க்கப் போன அன்று சூசை பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புது மானேஜர் தன் டிரைவரோடு வருகிறார். கம்பெனி காம்பவுண்டு வீட்டைச் சூசை காலி செய்தாக வேண்டும். மூன்று பிள்ளைகள். கார் ஏரலுக்குப் போனால் அவனுக்குப் பிழைப்பு உண்டு, மெட்ராஸுக்குப் போனால் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கோணிச்சாக்கு என் கையில்தான் இருந்தது. ஆனால் அவன் நிற்கிற இடத்தில், அவன் காலடியில் மல்லாந்து படுக்க எனக்கு மனம் வரவில்லை. லேசாகக் குனிந்தேன். அடியிலிருந்து குடலைப் பிடுங்கும் மீன் நாற்றம் வந்தது. போதும் என்று நிமிர்ந்துவிட்டேன். “அடி போச்சு அண்ணாச்சி. நாறுது. வேண்டாம்.” அண்ணாச்சி முகம் வாடிப் போயிற்று. ஆனாலும் என் தோளில் கை போட்டார்: “நீரு சொன்ன பெறகு பேச்சு ஏது? வாரும், காப்பி குடிப்போம்.”

சுறா எண்ணெய்

மறுநாள் காலையில் நான் வழக்கமாக உட்காரும் காப்பிக் கடைக்குச் சூசை வந்தான். கெஞ்சுவான் என்றுதான் எதிர்பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன்; அவன் கெஞ்சவில்லை. “அண்ணே, என்னைப் பிடிக்கலன்னா என்னை வையிங்க, கேட்டுக்கிடுதேன். காரை ஏன் குத்தம் சொல்லுதீக? அடியில படுக்காம அடி போச்சுன்னு எப்படிச் சொன்னீக?” என்றான். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேர் என்னை மடக்கக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

படுத்தேன். அந்த ஊரில் அத்தனை நாளில் நான் பார்த்திராத சேஸிஸ். தட்டினால் கணீரென்றது. துரு என்ற பேச்சே இல்லை. தகரத்துக்கு உள்ளே உடம்பைத் தாங்கும் மரச் சட்டத்தில் ஒரு கரையான் கோடு கிடையாது. மூலையைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை, அதற்குப் பதிலாக ஒரு நாற்றச் சுவை ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் போகவில்லை. சுறா எண்ணெய். சூசையின் அப்பா தோணியில் இருந்தவர். தோணி மரத்துக்குப் பூசுகிற அந்த எண்ணெயை மகன் காருக்குப் பூசியிருக்கிறான், மாதம் தவறாமல். கார் பனங்கட்டை மேல் கிடந்த வருஷங்களிலும் விடவில்லை. துரை நாற்றம் தாங்காமல் வேலையை விட்டுத் துரத்திவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். அதற்கப்புறம் துரை வெளியூர் போகும் நாளாகப் பார்த்துப் பூசியிருக்கிறான். அடியில் கிடந்தபடியே, இவ்வளவு திட்டு வாங்கி எதற்குடா என்று கேட்டேன். மேலேயிருந்து பதில் வந்தது: “தொரைக்கு மூக்குதான் பெருசு. காருக்கு எது பெருசுன்னு எனக்குத்தானே தெரியும்!”

மூன்றாவது கியர்

வெள்ளோட்டம் என்று துரையிடம் கேட்டுக்கொண்டு, சூசை காரை ஏரலுக்கு ஓட்டினான். பக்கத்து சீட்டில் நான். புறப்படும் முன் என் மற்றப் பரீட்சைகளை முடித்திருந்தேன். முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் நாலு சிலிண்டரும் கையை ஒரே மாதிரி எதிர்த்தன. சக்கரக் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாம் ஒரே குரலில் பதில் சொல்லின. கொற்கைப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும்போது சூசை தானாகவே சொன்னான்: “அண்ணே, மூணாவது கியர் நிக்காது. எறக்கத்துல நழுவிரும், கையால பிடிச்சுக்கிடணும். நீங்க அவருக்காகப் பாக்க வந்தவுக, அதான் சொல்லுதேன்.” நான் கேட்கவே இல்லை. இறக்கமே இல்லாத அந்த வழியில் நான் கண்டுபிடித்திருக்கவும் மாட்டேன்.

மண்டி வாசலில் இறங்கி, “நேத்து நான் படுத்துப் பாக்காமலே சொல்லிட்டேன் அண்ணாச்சி. காரு நல்ல காரு. மூணாவது கியர் மட்டும் கோளாறு. அதுவும் இவன் சொல்லித்தான் தெரியும்” என்றேன். அண்ணாச்சி கையிலிருந்த கருப்பட்டியை எடைத்தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “அப்பம் அந்தப் பச்சைக் காரு?” என்று மெதுவாகக் கேட்டார். பச்சைக் கார் நிஜம்தான் என்றேன். ஒரு பொய் சொன்னால், அதற்கு முன்னால் சொன்ன உண்மையும் சந்தேகத்துக்கு வந்துவிடுகிறது, அன்பர்களே. கடைத்தெரு நிறையச் சந்தைக் கூட்டம். சிவப்புக் காரைச் சுற்றி அதில் பாதி நின்றது. அண்ணாச்சி தெருவைக் காட்டினார்: “இனிமே நீரு படுத்ததை நான் கண்ணால கண்டாத்தான் நம்புவேன். சாக்கை விரியும். இங்கனயே படும்வே.”

இடது மட்கார்டு

படுத்தேன். ஏரல் கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, சூசையின் காலடியில் படுத்து, சுரண்டி, நாக்கில் வைத்து, எழுந்து, “நல்ல கார்” என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு, மாட்டைத் தடவுகிற மாதிரி காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். இடது மட்கார்டில் கை நின்றது. “இது என்னது, நசுங்கிக் கெடக்கு?” நான் வாயைத் திறப்பதற்குள் சூசை முந்திக்கொண்டான். “மாடு முட்டுனது அண்ணாச்சி. கம்பெனி வாசல்ல ஒரு வண்டிமாடு.” அவன் யோசிக்கவே இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குத்திய அன்றைக்கே துரை கேட்டிருப்பார். பக்கத்தில் போலீஸ் நின்றது. இவன் என் பெயரைச் சொல்லியிருந்தால் வேலை போனதோடு நிற்காது, ஜெயிலுக்குப் போயிருப்பேன். தனியே இழுத்து, “நான் உன்னைப் பத்தி நோட்டீஸே போட்டேனேடா” என்றேன். “படிச்சேன். வண்டியை ஓட்டுனது என் தப்புதான் அண்ணே. உங்களைக் காட்டிக்கொடுக்கதுமா என் வேலை?” என்றான்.

அண்ணாச்சியிடம் திரும்பி வந்து, “மாடு இல்ல. நான்தான். கொடிக்கம்பால குத்துனேன். கூலி வேண்டாம், தட்டி நிமித்தித் தாரேன்” என்றேன். அவர் நசுங்கலுக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். விரல் அச்சாகப் பொருந்தியது. பிறகு வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு அந்தத் தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். சூசை எஞ்சினைக் கிளப்பினான். அண்ணாச்சி கையை நீட்டி ஹாரனை அமுக்கினார்; எதிரே வந்த கருப்பட்டி வண்டி மிரண்டு ஒதுங்கப் பார்த்தது. உடனே கையை எடுத்துவிட்டு, வண்டிக்காரனை முதலில் போகச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்த மட்கார்டைத் தொடாதேயும். இத்தன வருசம் இந்தக் காரு நம்மளை இடிச்சுது. நாம இடிச்சது அது ஒண்ணுதான்வே.”

எத்தனையோ மேடையில் பேசி, எத்தனையோ பிரசுரம் எழுதி, ஊரார் கண்ணுக்குத் தெரியும்படி நான் சாதித்தது ஏரல் கடைத்தெருவில் ஓடிய அந்த ஒரு நசுங்கல்தான். அதையும் மாடு முட்டியது என்றே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.