முப்பத்தொரு கடைகள் இருண்ட காலை

இளவரசி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதலாளி கலியாணசுந்தரத்தின் குரல் வாசலிலேயே அவளை அறைந்தது.

"முப்பத்தொரு கடையும் செத்துக் கெடக்குதும்மா! என்னா பண்ணி வெச்ச?"

அவள் திகைத்து நின்றாள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்கிய யேசுதாஸின் மகள் அவள். ஊர்ப் பட்டுக்கடைகளின் இணையதளங்களைச் சுமக்கும் ஒரே கணினியான சர்வரை ஒன்பது ஆண்டுகளாகக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவள்.

அவள் வந்தபோது எல்லாக் கடைத் தளங்களின் அமைப்பு விவரங்களும் ஒரே நீளக் கோப்பில் சிக்கிக் கிடந்தது. அதைக் கடைக்கு ஒரு கோப்பாகப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைத்தாள். நடப்பில் உள்ள கடைகளுக்கு மட்டும், அந்தக் கோப்புகளைச் சுட்டும் இணைப்புகளை இன்னொரு ஃபோல்டரில் போட்டாள். ஒரு கடையை நிறுத்த வேண்டுமா? இணைப்பை எடுத்தால் போதும், கோப்பு பத்திரமாக இருக்கும். ஒரு தலைமைக் கோப்பின் வழியாக அந்த இரண்டாவது ஃபோல்டர் முழுவதையும் வாசித்த பிறகுதான் சர்வர் எழும். ஒரே ஒரு கோப்பில் புரியாத சொல் இருந்தாலும் எல்லாக் கடைகளும் படுத்துவிடும்.

"லீவு குடுக்கலன்னு கோவமாக்கா?" என்று பக்கத்து மேசை ஜெபகுமார் சிரித்தான்.

"கடைக்காரங்க வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேன். இளவரசி வேலதான்னு எல்லாரும் படிச்சிக்கினு இருக்காங்க" என்றார் முதலாளி.

ஐயோ! ஒன்பது ஆண்டு நற்பெயர் ஒரு நொடியில் போய்விட்டதே! மேசைக்கு விரைந்து, கணினியில் சோதனைக் கட்டளையைத் தட்டினாள். பிழை இருக்கும் இடத்தைத் திரை காட்டியது. முதலாளி மகளின் புதுக் கடைக்கு நேற்று அவள் எழுதி, இணைக்காமல் வைத்திருந்த கோப்பு. முதல் வரி. திறந்தாள்.

அங்கே தனியாக நின்றது ஒரு "உ".

"சார்... இது யாரு போட்டது?"

"நான்தாம்மா. ஏழரைக்கு நல்ல நேரம். பிள்ளையார் சுழி போட்டு, நீ சொல்லிக் குடுத்தாப்லயே இணைச்சி, ரீஸ்டார்ட் குடுத்தேன்..." அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"சர்வருக்கு அது சுழின்னு தெரியாது சார். புரியாத உத்தரவுன்னு படுத்துக்கிச்சி."

அவள் விரல் அழிக்கப் போனது. "ஐயையோ, அழிக்காதம்மா! பொண்ணு கடை!" என்று அலறினார்.

அவள் அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு # குறியைப் போட்டாள். "இது இருந்தா அந்த வரிய சர்வர் படிக்காது. சுழியும் அங்கேயே இருக்கும்."

மறுபடி சோதித்தாள். பிழை இல்லை. சர்வரை எழுப்பினாள். புதுக் கடையோடு முப்பத்திரண்டும் ஒளிர்ந்தன.

"அப்பாடா! போய் டீ குடிம்மா."

அவள் நகரவில்லை. "குரூப்ல என் பேரு இருக்குது சார்."

"அழிச்சிடறேன்."

"படிச்சிட்டாங்க சார். நடந்தத எழுதுங்க."

ஜெபகுமாரின் சிரிப்பு அடங்கியது. முதலாளி முகம் வெளுத்தது. ஆனாலும் எழுதி, செல்பேசியை அவளிடம் நீட்டினார். 'எங்கள் அலுவலகத் தவறு' என்றிருந்தது.

இளவரசி தலையசைத்து மறுத்தாள். கண்களில் நீர் திரண்டும், அதைத் துடைக்காமல் அவரையே பார்த்தாள்.

அவர் அதை அழித்தார். பிறகு மெதுவாகத் தட்டினார்: 'என் தவறு. இளவரசி மேல் பிழை இல்லை. கலியாணசுந்தரம்.'