காப்புக்குள் ஒளிந்திருந்தேன்

பர்மாவில் அம்மனை நம்பி வாழும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம். என் பெயர் பெருமாள். வீடு தாமுவே பக்கம். பசுந்தாங்கில் ஜெனரேட்டர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் கையில் மஞ்சள் காப்போடு மாதக்கணக்கில் ஒருவன் திரிந்தானே, நீங்கள்கூட ‘சாமி, சாமி’ என்று கூப்பிட்டீர்களே, அந்த ஆள்தான் நான். இதை எழுத உட்காரும்போதே காது சுடுகிறது. பெண்களும் படிப்பார்களே என்று கூசுகிறது. ஆனால் ஆத்தா எனக்குச் செய்ததை ஒளித்துவைத்தால் நான் மறுபடியும் பழைய ஆளாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருடப் பங்குனித் திருவிழாவுக்கு முந்தின மார்கழியில் அது ஆரம்பித்தது. ஆண்குறியில் வலி. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. விறைக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ பிடித்து இழுப்பது போலிருக்கும். குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி. தை மாதத்தில் மேல்பக்கமாக வளைய ஆரம்பித்தது. மாசிக்குள் மனைவியோடு சேர முடியாத அளவுக்கு வளைந்துவிட்டது.

புற்றுநோய் என்று நினைத்து அழுதேன். அப்புறம் கெட்ட வியாதியாக இருக்குமோ என்று பயந்தேன். நான் எந்தப் பெண்ணிடமும் போனவன் இல்லை. ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் இது அம்மன் கொடுத்த தண்டனை என்று முடிவு செய்தேன். எதற்கான தண்டனை என்றுதான் தெரியவில்லை. சின்ன வயதில் கோவில் மரத்து மாங்காயைத் திருடியது வரைக்கும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வளைந்த இரும்பு ராடை நிமிர்த்துகிற கை என் கை. இதையும் நிமிர்த்திவிடலாம் என்று கையால் அழுத்திப் பார்த்தேன். வலியில் உயிர் போனது. இரண்டு நாள் கால் அகட்டி நடந்தேன். பட்டறையில் கேட்டவர்களிடம் இஞ்சின் காலில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

ஒருநாள் துணிந்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் எங்கள் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தது. “என்னா மாமா ஒடம்புக்கு?” என்று கேட்டது. முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். உள்ளே டாக்டரிடமும் அதையே சொன்னேன். தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். உங்களுக்கே தெரியும், தீ மிதிக்கிறவன் காப்புக் கட்டிவிட்டால் கவிச்சி கிடையாது. தரையில் தனிப் பாயில் படுக்க வேண்டும். மனைவியைத் தொடக்கூடாது. வருடா வருடம் பயபக்தியோடு கை நீட்டுகிற நான், அந்த வருடம் தப்பித்தோம் என்ற நிம்மதியோடு கை நீட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதுதான் உண்மை.

தீ மிதித்து முடிந்தது. எல்லாரும் பூசாரியிடம் காப்பை அவிழ்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் போய், “எனக்கு இன்னொரு வேண்டுதல் இருக்கு. ஒரு மண்டலத்துக்கு இது இருக்கட்டும்” என்றேன். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா இருப்பா” என்று திருநீறு பூசினார். அந்த மண்டலம் முடிந்ததும் இன்னொரு மண்டலம் என்றேன். அதுவும் முடிந்தது. அதற்கு மேல் பூசாரி கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஊர் வேறுமாதிரி பார்க்க ஆரம்பித்தது. கரண்ட் போய்ப் போய் வருகிற இந்தக் காலத்தில் என் பட்டறைக்கு வேலை குறைவில்லை. வந்தவர்கள் ஜெனரேட்டரைத் தூக்கிவந்து வைத்துவிட்டு, “சாமி கையால ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருநீறு கேட்டு வந்தார்கள். என்னைவிட வயதில் மூத்தவர் ஒருவர் தெருவில் குனிந்து காலைத் தொட்டார். நான் துள்ளி விலகினேன். “பாரு, எவ்வளவு அடக்கம்” என்றார்கள். அடக்கமா? எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

என் மனைவி செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அடிவயிற்றில் பெரிய தையல். தேறி எழுந்து வந்து, சிரிக்க ஆரம்பித்திருந்தாள். முதலில் என் விரதத்தை நினைத்துப் பெருமைப்பட்டாள். எனக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். தான் மொஹிங்கா சாப்பிட்டாலும் மீன் வாசனை எனக்கு வரக்கூடாது என்று வெளிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதுகுக்குத் தைலம் தேய்க்க வந்தவளை, “காப்பு இருக்கு, தொடாதே” என்று தள்ளிவிட்டேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“என்னாங்க, ஒண்ணு கேக்கட்டா? ஆபரேசன் பண்ணதுனாலதானே?”

“எது?”

“என்னய புடிக்காம போனது. தையலப் பாத்தா ஒங்களுக்கு அருவருப்பா இருக்கு. வாய்விட்டுச் சொல்ல முடியாம சாமி பேர்ல ஒதுங்குறீங்க. அப்படித்தானே? சொல்லிருங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயி இருந்துக்குறேன்.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து ‘பின்னே ஏன்’ என்று கேட்பாள். அதற்குப் பயந்து, “விரதக்காரன்கிட்ட பேசுற பேச்சா இது?” என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் எவ்வளவு கேவலமானவன் என்று அன்றைக்குத் தெரிந்தது. என் வெட்கத்தைக் காப்பாற்ற அவள் தலையில் பழியைப் போட்டுவிட்டேன்.

நேராகக் கோவிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரைக்கும் நான் கேட்டதெல்லாம், ‘தாயே, இதை நிமிர்த்திக் கொடு’ என்பது மட்டும்தான். அன்றைக்கு வேறுமாதிரி வந்தது. ‘தாயே, உன் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் பெண்டாட்டியைச் சாகடிக்கிறேன். நிமிர்த்த மனமில்லையென்றால் விடு. என் வாயையாவது திற. என்னால் தானாகத் திறக்க முடியவில்லை.’ இவ்வளவுதான் கேட்டேன். காக்கை கத்தியது. வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றினார்கள். கோவில் நிறையக் கூட்டம். கோவில் தலைவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் நடுவில் மணைப்பலகையில் நிறுத்தினார். “இத்தன மாசமா காப்பு அவுக்காம ஆத்தாவுக்காக இருக்காரு. நம்ம கோவிலுக்கே பெரும. மஞ்சத்தண்ணி ஊத்தணும். மொதல்ல சம்சாரம் ஊத்தட்டும்” என்றார்.

செல்வி பித்தளைக் குடத்தோடு வந்தாள். அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போகப் பெட்டி கட்டி வைத்திருந்தவள், ஊருக்கு முன்னால் எதையும் காட்டிக்கொள்ளாமல் வந்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கஷ்டப்பட்டு மண்டிபோட்டாள். மஞ்சள் தண்ணீர் என் காலில் விழுந்தது. என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள்.

என் வாய் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

“எந்திரி செல்வி. நான் விரதத்துல இல்ல. எனக்கு ஒடம்பு சரியில்ல. பொய்யி, எல்லாம் பொய்யி.”

உறுமி மேளக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ, “பட்டினி கெடந்து மயக்கம்” என்றார்கள். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். விசிறினார்கள். செல்வி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், கோவில் வாசலில் நின்ற சைக்கா ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள்.

நம் சைக்காவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்கார வேண்டும். அவள் முன்னால் பார்த்து, நான் பின்னால் பார்த்து. மிதிக்கிறவர் பர்மாக்காரர், தமிழ் தெரியாது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. ஆத்தாதான் அந்த வண்டியை அனுப்பினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ரோட்டில் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, வளைவு, வலி, கையால் அழுத்தியது, முதுகுவலி மாத்திரை, காப்பு.

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்திருக்கிறது.

“அடப் பாவி மனுசா. இதுக்கா? என் ஆபரேசன் அன்னிக்கி அத்தன டாக்டருங்க முன்னாடி நான் துணி இல்லாம படுத்துக் கெடந்தேன். நீங்க என்னாடான்னா ஒரு டாக்டருகிட்ட காட்ட வெக்கப்பட்டுகிட்டு என்னய வீட்ட விட்டே அனுப்பப் பாத்தீங்க.”

சைக்காக்காரர் திரும்பிப் பார்த்து, சண்டையா என்று பர்மாவில் கேட்டார். இல்லை, நேராகப் போங்கள் என்றாள்.

சாயங்காலம் அவளே பூசாரியிடம் கூட்டிப்போனாள். காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஆத்தா பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பா” என்றார். அது திட்டுவதைவிட அதிகமாக உறைத்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீர், ஆண்கள் நோய் பார்க்கிற பர்மாக்கார டாக்டர், சயா என்றுதான் கூப்பிடுவோம். வயதானவர். நான் ‘முது...’ என்று ஆரம்பித்ததுமே செல்வி முழங்கையால் இடித்தாள். சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பல்வலி கேட்கிற மாதிரி கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, சின்ன வயதிலிருந்தே வளைவா, நடுவில் வந்ததா என்பது. சிலருக்குப் பிறவியிலேயே வளைவு இருக்குமாம். வாலிபத்தில்தான் தெரியவருமாம். அதில் கட்டி இருக்காது, பொதுவாக வலியும் இருக்காது. தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், இடைஞ்சலாக இருந்தால் ஆபரேசனில் சரிசெய்யலாம் என்றார். எனக்கு வந்தது நடுவில் வருகிற வகை. உள்ளே இருக்கும் உறையில் தழும்பு விழுந்து கெட்டியாகிவிடுகிறது. அந்தப் பக்கம் விரிந்து கொடுக்காததால் வளைகிறது. தெரியாமல் பட்ட சின்ன அடியிலிருந்துகூட வரலாம், பல பேருக்குக் காரணமே தெரியாது என்றார். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மோதிர விரலுக்குக் கீழே கயிறு மாதிரி ஒரு தடிப்பு இருந்தது. ஸ்பானர் பிடித்ததால் வந்தது என்று நினைத்திருந்தேன். இந்த வியாதி உள்ள சிலருக்குக் கையிலும் அப்படி வருமாம். சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்தார். இருந்தது. அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

“புற்றுநோயா சயா?” என்றேன். இல்லை என்றார். “பொம்பள வியாதியா?” என்றேன். இல்லை என்றார். யாருக்கும் தொற்றாது, யார் தப்பும் இல்லை என்றார். கையால் அழுத்திய கதையைக் கேட்டபோதுதான் கோபம் வந்தது. அப்படிச் செய்தால் உள்ளே இன்னும் காயமாகும், இனித் தொடாதே என்று அதட்டினார். அங்கேயே அழுதேன். யார் தப்பும் இல்லை என்று ஒருவர் சொல்ல நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்!

நேராகிவிட்டதா என்று கேட்பீர்கள். முழுசாக இல்லை. ஐப்பசி, கார்த்திகைக்குள் வலி நின்றுவிட்டது. சயா சொல்லிக்கொடுத்தபடி மெதுவாக இழுத்துப் பிடிக்கிற ஒரு கருவியை மாதக்கணக்கில் போட்டேன். வளைவு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரே நிலையில் நின்ற பிறகும் தொந்தரவாக இருந்தால் ஊசியோ ஆபரேசனோ பார்க்கலாம் என்றார். இப்போதைக்குத் தேவைப்படவில்லை. பாயைச் சுருட்டி மேலே போட்டுவிட்டேன். செல்வி மறுபடியும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். இதற்கு மேல் எழுதினால் அடிப்பாள்.

வெட்கம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். விஷயம் எப்படியோ ஊரில் கசிந்துவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் விரலை வளைத்துக் காட்டிச் சிரிக்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களும் என்னிடம் திருநீறு வாங்கியவர்கள்தான். இன்றைக்கும் தலை குனிந்துதான் அந்தக் கடையைத் தாண்டுகிறேன்.

ஆனால் போன மாதம் மிங்கலா தாங்ஞுன்ட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஜெனரேட்டர் சரியில்லை என்றார். எங்கே என்றேன். கையில் ஒன்றும் இல்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறைக் கதவைச் சாத்தினேன். அவருக்குப் பிறவியிலிருந்தே வளைவு. அதற்குப் பயந்து, பேசி முடித்த கல்யாணத்தை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறார். அதனால் பெண்ணுக்குத்தான் ஏதோ குறை என்று ஊரில் பேச்சாம். நான் சயாவிடம் கூட்டிப்போனேன். அவருக்கு ஒன்றும் செய்யவே தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் செல்வி சொன்னாள், “கோவில்காரங்க எல்லாருக்கும் இத பேரு போட்டே எழுதுங்க. இல்லன்னா எந்தக் கதவத் தட்டுறதுன்னு எப்படித் தெரியும்?” அதனால் பெயரைப் போட்டிருக்கிறேன்.

இந்தப் பங்குனிக்கும் காப்புக் கட்டுகிறேன். திருவிழா முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து அவிழ்த்துவிடுவேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு குறை இருந்தால் ஆத்தாவிடம் கேளுங்கள். நிமிர்த்திக் கொடு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். வாயைத் திற என்றும் சேர்த்துக் கேளுங்கள். எனக்கு அவள் அதைத்தான் முதலில் கொடுத்தாள். அப்படியும் வாய் வரவில்லையென்றால் என் பட்டறைக்கு வந்து ஜெனரேட்டர் சரியில்லை என்று சொல்லுங்கள். நான் கதவைச் சாத்துகிறேன்.