அக்கா நம்பரில் பதிந்த ஆழம்

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனியில் பதினெட்டு வருடமாக ஆபீஸ் பார்க்கிறேன். போர் போடும் வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை அடி துளை இறங்கியது, எத்தனை இஞ்சு தண்ணீர் வந்தது, எல்லாம் என் கைக்கு வந்துதான் பதிவேட்டில் ஏறும். இந்தப் பக்கம் யாரும் போர் ஆழத்தை உண்மையாகச் சொல்ல மாட்டார்கள். முந்நூறு அடியில் தண்ணீர் பொங்கியவன் ஊருக்குள் தொள்ளாயிரம் என்பான். பக்கத்துக் காட்டுக்காரன் அதே ஊற்றில் ஓட்டைபோட்டு நம் தண்ணீரைப் பிரித்துக்கொள்வானே என்ற பயம்தான். பெண் கொடுத்த சம்பந்தியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அத்தனை பேர் பொய்யும் எனக்குத் தெரியும். என் பொய் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பொய்யை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா எனக்கும் அக்காவுக்கும் விவசாயக் காட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் ஒரு வரப்புதான். நாலு வருடத்துக்கு முன்னால் என் பாதியில் போர் போட்டேன். முந்நூற்று எண்பது அடியில் இரண்டு இஞ்சுத் தண்ணீர் வந்தது. காலையில் தேங்காய் உடைத்துவிட்டு மில்லுக்குப் போயிருந்த அக்கா, சாயங்காலம் வந்து எத்தனை அடி என்று கேட்டாள். ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழேதான் ஏதோ கசிகிறது என்று கூசாமல் சொன்னேன். அவளும் போட்டால் என் தண்ணீர் பாதியாகிவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆயிரத்து இருநூறு அடி என்றதும் அக்கா போர் ஆசையையே விட்டுவிட்டாள். மானாவாரியாகக் கடலை போட்டாள், காய்ந்தது. மூன்று கறவை மாடுகளில் இரண்டை விற்றாள். மிச்சமிருந்த ஒன்றுக்கு என் தொட்டியில் வந்து தண்ணீர் எடுப்பாள். நானும் பெரிய தர்மப்பிரபு மாதிரி, "தாராளமா எடுத்துக்குங்க்கா" என்பேன். அவள் குடத்தைத் தொட்டிக்குள் மெதுவாக அமிழ்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்குவாள். அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாதாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தும். உறுத்தி என்ன, வாயைத் திறக்கவில்லையே.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஓனர் சாட்பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெங்களூர் கம்பெனி ஒன்றின் சரக்கு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும், எந்நேரம் கேட்டாலும் சுத்தத் தமிழில் பதில் சொல்லுமாம். இருபது வருடப் பதிவேடுகளை, வண்டியில் துளை போடும் டிரில்லர்கள் ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு உட்பட, அதற்குப் படிக்கக் கொடுத்துவிட்டார். விவரமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கிளவுடில் என்று கையை மேலே காட்டினார். எங்கள் ஊரில் மேகத்தை நம்பி யாரும் உருப்பட்டதில்லை. ஆனால் சம்பளம் கொடுப்பவரிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

சாட்பாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஊர் நாறிவிட்டது. ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் போரைப் பற்றிக் கேட்டுவிட்டு, போகிற போக்கில் தன் பங்காளி போர் எத்தனை அடி என்றும் கேட்டிருக்கிறார். அது, "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்" என்று ஆரம்பித்து, அடி, இஞ்சு, காட்டில் எந்த மூலையில் துளை போட்ட பாயிண்ட் என்பதுவரை ஒப்பித்துவிட்டது. ஜலகண்டாபுரத்தில் மாமனும் மச்சானும் கைகலப்பு வரைக்கும் போனார்கள். அது ஒரு வாடிக்கையாளரின் சொந்தக்காரருக்கு, டிரில்லர் எழுதிய "பார்ட்டி பாயிண்டை மாற்றச் சொல்லி உயிரை எடுத்தார்" என்ற குறிப்பையும் சேர்த்து வாசித்துக் காட்டியது. ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இதற்குப் பூட்டுப் போடுகிற பொறுப்பு இனி உன்னுடையது என்றார்.

எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. அக்காவிடமும் போன் இருக்கிறது. நாளைக்கே பொழுது போகாமல் அவள் தம்பி போரைப் பற்றிக் கேட்டால்? அன்றைக்கு ஆரம்பித்த சுறுசுறுப்பு, என் ஆயுளில் எனக்கு வந்ததே இல்லை.

பெங்களூர் கம்பெனியில் எங்களுக்கென்று ஒரு பெண்ணை ஒதுக்கியிருந்தார்கள். தர்மபுரிக்காரப் பெண், நல்ல கெட்டிக்காரி. சாட்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லாப் பதிவேட்டையும் திறந்து போட்டுவிட்டு அதை வாயை மூடிக்கொண்டிரு என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கேட்கிற நம்பர் எதுவோ, அந்த நம்பருக்குரிய பதிவு மட்டும்தான் அதன் கைக்கு எட்ட வேண்டும். மற்றது அதன் கண்ணிலேயே படக் கூடாது என்றாள். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. டிரில்லர்கள் பார்க்கலாமா என்றாள். கூடாது என்றேன். ஆபீஸில் இருப்பவர்கள்? கூடவே கூடாது. நீங்கள்?

"எனக்கும் வேண்டாம்மா. நானே கேட்டாலும் அது சொல்லக் கூடாது."

சொந்தக்காரர்கள் யாராவது வந்து நச்சரித்தால், எனக்கே தெரியாது என்று கையை விரித்துவிடலாமே என்பதுதான் என் கணக்கு. அவள் இதை என் நேர்மை என்று எடுத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் ரகசியத்தை இவ்வளவு மதிக்கிற ஆளை இதுவரை பார்த்ததில்லை என்றாள். நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன். பழைய பதிவேடுகளை மூட்டை கட்டி ஓனர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். டிரில்லர்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். ஆழத்தைச் சைட்டிலேயே போனில் ஏற்ற வேண்டும், ஏற்றியதும் மறந்துவிட வேண்டும், பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது.

பூட்டுப் போட்ட அன்று, சோதித்துப் பாருங்கள் என்றாள். என் போனிலிருந்து என் போரைப் பற்றிக் கேட்டேன். "மன்னிக்கவும். இந்த எண்ணில் எந்த ஆழ்துளைக் கிணறும் பதிவாகவில்லை" என்றது. சபாஷ், என்ன கட்டுக்காவல் என்று முதலில் குஷியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அது என் போர். அப்படியானால் யார் நம்பரில் இருக்கிறது? அவளைக் கேட்டேன். முழு நம்பரைச் சொல்ல விதியில்லை, நீங்கள் போட்ட விதிதான், கடைசி இரண்டு எண் மட்டும் சொல்கிறேன் என்று சொன்னாள். அக்கா நம்பர்.

எங்கள் பக்கத்தில் போர் போடுவதென்றால் கைராசி பார்ப்பார்கள். யார் கை பட்டால் விளங்குமோ அவர்கள் பெயரில்தான் புக்கிங், அவர்கள்தான் தேங்காய் உடைப்பார்கள். எங்கள் குடும்பத்தில் கைராசி என்றால் அக்காதான். அவள் நட்ட முருங்கைக் குச்சி ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. என் போரையும் அவள் பெயரில், அவள் நம்பரில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அவள் ராசியில் தண்ணீரை வாங்கிக்கொண்டு, அவளுக்கே கிடைக்காமல் செய்திருக்கிறேன். நான் ஒருவன்தானா? மாவட்டம் முழுக்க இதே கூத்து. ராசிக்கார வாத்தியார் ஒருவரின் போனில் பதினாறு பேர் கிணறு. சொந்தமாகக் கிணறு வைத்திருப்பவனுக்கோ, உங்கள் எண்ணில் எதுவும் இல்லை.

நிறுத்து, எதையும் அனுப்பாதே என்று கத்தினேன். புதுப் பாதுகாப்பை அறிவித்து, "உங்கள் கிணற்றின் விவரம் இனி உங்களுக்கு மட்டுமே, பார்க்க இங்கே அழுத்தவும்" என்று பதிவான எல்லா நம்பருக்கும் காலையிலேயே போய்விட்டது என்றாள்.

வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா என் தொட்டியருகே குடத்தோடு நின்றாள். பார்த்ததும் அவளே சொன்னாள், உங்கள் கம்பெனியிலிருந்து போனுக்கு ஏதோ வந்திருக்கிறது என்று. பிரித்துப் பார்த்தீர்களா என்றேன்.

"எனக்கு அதெல்லாம் எங்க சாமி தெரியுது" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் அவள் குடம் கொண்டு வரவில்லை. என் மோட்டாரைப் போட்டு, ரப்பர் டியூபை மாட்டி, மாட்டை நடு முதுகில் பீச்சியடித்துக் குளிப்பாட்டினாள். தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது. சந்தோஷமாக இருக்கிறாள் போல என்று நினைத்தேன். மடையன்.

அடுத்த மாதம் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பதில் முன்மாதிரி என்று எனக்கு ஒரு கேடயம். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று பேசினேன், கை தட்டினார்கள். கேடயத்தோடு ஊர் திரும்பினால், வரப்புக்கு அந்தப் பக்கம் ஈரச் சேறும், நட்ட நடுவில் ஒரு புதுப் போரின் கேசிங் பைப்பும் தெரிந்தன. என் போரிலிருந்து சரியாக ஐம்பது அடி தூரம். வண்டி எங்கள் கம்பெனி வண்டிதான். அக்கா சாட்பாட்டிலேயே புக் செய்திருக்கிறாள்.

பத்தாவது நாள் என் மோட்டார் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்தது. பிறகு வெறும் காற்று. மோட்டாரை இன்னும் கீழே இறக்குவதா, போரையே ஆழப்படுத்துவதா என்பது அவளுக்கு எத்தனை அடியில் வந்தது என்று தெரிந்தால்தான் முடிவாகும். டிரில்லரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பெற்ற தாய்க்கே சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்று சிரித்துவிட்டுப் போனான். சாட்பாட்டைக் கேட்டேன். மன்னிக்கவும், இந்த விவரம் உரிமையாளருக்கு மட்டுமே என்றது. நான்தான் மேலாளர் என்று தட்டினேன். உங்கள் அக்கறைக்கு நன்றி என்றது. என் பூட்டு, ஒரு நூல் இடைவெளி இல்லை.

கடைசியில் குடத்தை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டினேன். அக்கா தொட்டியருகே மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். புதிதாக இன்னொரு மாடும் நின்றது.

"அக்கா, எத்தன அடியிலங்க்கா வந்துச்சு?"

அவள் நிமிர்ந்து என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை, தாங்கிக்கொண்டிருப்பேன். இல்லை.

"ஆயிரத்து இருநூறு அடி சாமி. உனக்கு வந்த அதே அளவுதான்" என்றாள். தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, "தண்ணி வேணும்னா தாராளமா எடுத்துக்க. அத்தன ஆழத்துல இருந்து வார தண்ணி, பாத்து எடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குடத்தைத் தொட்டிக்குள் மெதுவாக அமிழ்த்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.