பனியில் ஏறச் சொன்னவன்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஒற்றைத் தறியில் ஆரம்பித்து இன்று நாற்பது தறிக்கு முதலாளி. எங்கள் தெருக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஹெலிகாப்டரில் பூ தூவ ஏற்பாடு செய்தவனும் நானே. காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அன்று காலை ஓரிக்கை மைதானத்தில் பாலாற்றுப் பனி சுவர் போல நின்றது. பூ மூட்டைகளை ஏற்றியாகிவிட்டது. பைலட், "அரை மணி பொறுங்க ஐயா, எதிர்ல ஒண்ணும் தெரியல" என்றார்.

"கலசத்துல தண்ணி ஊத்தற நேரம் பொறுக்குமாப்பா? நான் கண்ணை மூடிக்கினே தறியில நாடா ஓட்டினவன். இத்தினி படிச்சிட்டு பனிக்குப் பயப்படறியே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. கதவைத் திறந்து ஏறினார்.

சத்தம் மட்டும் தலைக்கு மேல் ஒருமுறை சுற்றியது. பிறகு ஆற்றுப் பக்கம் இடி போல் ஓர் ஓசை. ஓடிப் போய்ப் பார்த்தால் மணலெங்கும் ரோஜா இதழ். அவர் உயிரோடு இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி, "பனிக்குள்ள ஹெலிகாப்டர் சாய்ஞ்சு போனாலும், ஓட்டறவர் உடம்பு நேரா போறதாத்தான் சொல்லும்" என்றார். தறி தரையில் ஊன்றி நிற்கும். கண்ணை மூடினாலும் கை ஏமாறாது. வானத்தில் உடம்பே பொய் சொல்லும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பைலட்டின் மனைவி என்னிடம் கேட்டார்: "பனியில அவர் ஏறவே மாட்டாரே ஐயா. யாராச்சும் ஏறச் சொன்னாங்களா?"

"இல்லம்மா, அவராத்தான் ஏறினாரு" என்றேன்.

பிள்ளைகளை நினைக்காமல் போய்விட்டாரே என்று அந்த அம்மா இன்னமும் கணவர் மேல் கோபமாக இருக்கிறாராம். அந்தக் கோபம் எனக்குச் சேர வேண்டியது.