ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு ஜமீன் மாப்பிள்ளை

போன வாரம் இந்தப் புத்தக விமர்சனப் பக்கம் ஏன் வரவில்லை என்று சிலர் போன் செய்திருந்தீர்கள். என் மனைவிக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன்.

கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது கண்ணாடி, செல்போன், பாதி படித்த ஒரு நாவல் — மூன்றையும் என் கையில் கொடுத்தாள். பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும் என்றார் டாக்டர்.

வெளியே நாற்காலி வரிசை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். நமக்கில்லை என்றதும் உட்காருகிறோம். எத்தனை முறைதான் எழுந்திருப்பது? நாவலைப் பிரித்தேன்.

சரித்திரக் காதல் கதை. இந்த மாதிரிப் புத்தகங்களை நான் தொடுவதே இல்லை. அவள் படிப்பதை வீட்டில் கேலி செய்வதும் உண்டு.

ஒரு ஜமீன் வாரிசு. வயது இருபத்து நாலு. வெயில் படாமல் வளர்ந்தவன். செருப்பைக்கூட ஆள் வந்து மாட்டிவிட வேண்டும். பார்த்து வைத்திருக்கும் பெண்ணை ரகசியமாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்புகிறான். பெண் வீட்டில் அவனைப் புது சமையல்காரன் என்று நினைத்து, வெங்காயம் உரிக்கச் சொல்கிறார்கள். உரிக்கிறான்... உரித்துக்கொண்டே போகிறான். ஒன்றும் மிஞ்சவில்லை. “உள்ளே காலியாக இருக்கிறது, வேறு கொடுங்கள்” என்கிறான், ரொம்பப் பணிவாக.

சிரித்துவிட்டேன். சத்தமாக.

ஹாலே திரும்பிப் பார்த்தது. உடம்பு கூசிப்போனது. உள்ளே அவள் நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எனக்கு என்ன சிரிப்பு?

பக்கத்தில் இருந்தவர் சூலூர்க்காரர், ஸ்டெல்லாம்மா. கணவருக்கு பைபாஸ். காலையிலிருந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஏனுங்க, அதை எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. பயத்துல கையெல்லாம் சில்லுனு ஆயிப்போச்சுங்க.”

படித்தேன். வெங்காயத்துக்கு அவரும் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. யாரும் வரவில்லை. நர்ஸிடம் கேட்டால் இன்னும் நடக்கிறது என்று மட்டும் பதில். ஒரே வரியை நாலு தடவை படித்திருக்கிறேன். ஸ்டெல்லாம்மா சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டே காலுக்கு டாக்டர் வந்தார். நடுவில் ரத்தக்கசிவாம், அதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரமாம். இனி பயமில்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

போய் ஒரு வாய் சாப்பிட்டு வரச் சொன்னார் ஸ்டெல்லாம்மா. அவர் கணவர் இன்னும் உள்ளேதான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன். ஜமீன் பையன், பெண், பெண்ணின் அத்தை என்று எல்லார் குரலிலும்.

நல்ல புத்தகம் எது என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். பயந்துபோன மனுஷரைப் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார வைக்குமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நாலு மணிக்கு ஸ்டெல்லாம்மாவைக் கூப்பிட்டார்கள். நல்ல சேதிதான். அழுதுகொண்டே உள்ளே ஓடப் போனவர், கதவருகில் நின்று திரும்பினார்.

“அந்தத் தம்பிக்கு அந்தப் புள்ளையவே கட்டி வெச்சுப்போடுங்க.”

“சரிங்க” என்றேன் — கதையை எழுதியதே நான்தான் என்பதுபோல.